பட்டியலில் ஒரு கிணறு

திட்டி எழுதினால் வம்பு வரும், புகழ்ந்து எழுதினால் வராது — பத்தி எழுத ஆரம்பித்த நாளிலிருந்து இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் நம் மந்திரியைப் பற்றி இதே பக்கத்தில் ஒரு பாராட்டு எழுதினேன். படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் பாக்கியசாலிகள்! மந்திரியின் இலாகா ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தது. எந்த ஊரில், எந்தத் தெருவில், ஏழைகளுக்குக் குடிதண்ணீர்க் கிணறு வெட்டியாயிற்று என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதில் எங்கள் ஆம்பூரும் இருந்தது. தோல் ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒரு தொழிலாளர் தெரு இருக்கிறதே, அந்தத் தெருவே இருந்தது!

எனக்குத் தலைகால் புரியவில்லை. 'ஏழையின் தாகத்தைக் காது கொடுத்துக் கேட்ட மந்திரி' என்று எழுதினேன். 'நவீன பகீரதன்' என்றுகூட எழுதினேன். எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அந்தத் தெரு நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிஷ நடை. போய்ப் பார்த்தேனா?

இல்லை.

பத்திரிகை வந்த நாலாம் நாள் மத்தியானம். பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். வகுப்பு வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கையில் ஒரு பித்தளைச் சொம்பு. உள்ளங்கை இரண்டும் மருதாணி வைத்த மாதிரி பழுப்பு. தோல் பதனிடும் ஷெட்டில் ஆவாரம் பட்டை இடிக்கிறவர் என்று அந்தக் கையே சொல்லிவிட்டது. பேர் பாக்கியம்மாள். முப்பது வயது இருக்கும்.

"வாத்யாரே, கிணத்தப் பத்தி எழுதினது நீங்கதானா?"

"ஆமாம்மா, நான்தான்" என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைப்பு.

"எங்க பக்கத்து வூட்டுப் புள்ள படிச்சுக் காட்டுச்சு. நல்லாத்தான் எழுதிக்கீறீங்க. இந்தாங்க, குடிங்க."

குடித்தேன். ஒரு வாய். இரண்டாவது வாய்க்கு நாக்கு சம்மதிக்கவில்லை. பிஞ்சு வாழைக்காயை வாய்க்குள்ளே போட்டுத் தேய்த்த மாதிரி ஒரு துவர்ப்பு, அதற்கு மேலே ஒரு உப்பு...

"இன்னா ருசி?"

"துவர்ப்பா இருக்கே..."

"பட்டைத் தண்ணி வாத்யாரே! பகல் பூரா ஷெட்டுல இதைத்தான் இடிக்கிறோம். வூட்டுக்குப் போய் இதையே குடிக்கிறோம். வயித்துக்குள்ள தோலு பதமாகிக்கினே கீது. இன்னும் கொஞ்ச நாள்ல எங்களையும் கப்பல்ல ஏத்திச் சீமைக்கு அனுப்பலாம்!"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சிரிங்க. தண்ணி வண்டி நின்னுபோச்சே, அதுக்கும் சேர்த்துச் சிரிங்க."

அப்புறம்தான் விஷயம் முழுதும் தெரிந்தது. அது வரைக்கும் கோடைக் காலத்தில் அந்தத் தெருவுக்குத் தினம் ஒரு தண்ணீர் வண்டி வந்துகொண்டிருந்தது. கிணறு வெட்டியதும் வண்டி நின்றுவிட்டது. ஏன்? கிணறு உள்ள தெருவுக்கு வண்டி கிடையாது — விதி! பட்டியலில் கிணறு ஏறிய அன்றைக்கே வண்டிப் பட்டியலிலிருந்து தெரு இறங்கிவிட்டது. இப்போது பெண்கள் விடிவதற்கு முன்பே பாலாற்று மணலுக்குப் போய் ஊற்றுத் தோண்டி, குடம் நிறைவதற்குக் காத்திருந்து, ஷெட்டு மணி அடிப்பதற்குள் ஓடி வருகிறார்கள். அந்த ஒரு குடம் தீர்ந்தால் கிணற்றுத் தண்ணீர்தான். பாக்கியம்மாளின் சின்னப் பெண்ணுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து ஒரு மாதமாக வயிற்றுப்போக்கு.

மந்திரி கொடுத்தது ஒரு கிணறு. அந்தக் கிணறு பிடுங்கிக்கொண்டது இருந்த தண்ணீரை. அதற்கு நான் சபாஷ் போட்டிருந்தேன்!

"பள்ளிக்கூடம் விட்டதும் வர்றேம்மா" என்றேன்.

"வாங்க. வர்றப்ப குடிக்கத் தண்ணி எடுத்துக்கினு வாங்க."

தெருவுக்குப் போய் அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, கிணறு வெட்டிய ஓவர்சியரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குப் பத்தி எழுத எவ்வளவு சௌகரியம்! தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இந்த ஊருக்கு வந்ததே அந்தக் கிணற்றுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான்.

"அந்தத் தெருவைச் சுத்திச் சுத்திப் பார்த்தேன் சார். கடப்பாரை போட்ட இடமெல்லாம் பாறை. ஒரே ஒரு இடம் மட்டும் மாசி வெயில்லயும் ஈரமா இருந்தது. பச்சைப் பசேல்னு புல்லு! ஆகா, நல்ல ஊத்துன்னு தோண்டினேன். பதினைஞ்சு அடியிலேயே தண்ணி வந்துடுத்து!"

தஞ்சாவூரில் தரை ஈரமாக இருந்தால் அது காவேரி. ஆம்பூரில் தரை ஈரமாக இருந்தால்? தோல் ஷெட்டின் கழிவுக் கால்வாய்! இதை அவருக்கு யார் சொல்வது? அவர்தான் யாரைக் கேட்டார்?

"தண்ணி பழுப்பா இருக்கே சார்?"

"மண்ணோட நிறம். போகப் போகத் தெளிஞ்சுடும். ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

இந்த தேசத்தில் கிணற்றை மாற்றிவிடலாம். எழுதின ரிப்போர்ட்டை மாற்ற முடியாது. கிணறு வெட்டிய தாலுகா போர்டுக்கு ஒரு மனு எழுதிப் போட்டேன். அழகான கையெழுத்தில் பதில் வந்தது. தண்ணீரின் நிறம் மண்ணால் ஏற்பட்டதாம். நாளடைவில் சரியாகிவிடுமாம்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டுபோய் பாக்கியம்மாளிடம் படித்துக் காட்டினேன். தெருப் பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"மண்ணு நிறமா? சரி. துருப்பிடிச்ச ஆணி ரெண்டு கொண்டாடி" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார் பாக்கியம்மாள்.

ஆணி எதற்கு? இரண்டு கிண்ணம் வைத்தார். ஒன்றில் ஆற்று ஊற்றுத் தண்ணீர். இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர். கிண்ணத்துக்கு ஒரு ஆணியைப் போட்டுவிட்டு, "உக்காருங்க வாத்யாரே, அவசரப்பட்டா ஆகாது" என்றார். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கிணற்றுத் தண்ணீரில் ஆணியைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு கறுப்பு இறங்கியது. பரவியது. கிண்ணத்தின் அடி தெரியவில்லை. ஊற்றுத் தண்ணீர்? அது பாட்டுக்குத் தெளிவாக இருந்தது.

"ஷெட்டுல பட்டைத் தொட்டிகிட்ட இரும்பு வாளியைக் கொண்டுபோனா மேஸ்திரி தோலை உரிச்சுடுவான். எங்க தோலை! இரும்பு பட்டா பட்டைத் தண்ணி கறுத்துடும், சரக்குல கறை வுழுந்துடும். மண்ணுத் தண்ணி கறுக்குமா? போர்டுல கிணத்தோட ஒரு இரும்பு வாளியும் குடுத்தாங்க. மொத நாளே கறுத்துப்போச்சு. மொத நாளே எங்களுக்குத் தெரியும்."

காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவன் நான். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் மை எப்படிக் காய்ச்சுகிறோம்? கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதி போடுகிறோம். அன்னபேதி என்றால் இரும்பின் உப்புத்தானே! அங்கே கடுக்காய், இங்கே ஆவாரம் பட்டை. அங்கே அன்னபேதி, இங்கே துருப்பிடித்த ஆணி. அப்படியானால் இந்தக் கிணற்றில் இருப்பது —

"மை!" என்று கத்திவிட்டேன்.

"இன்னா ஆச்சு வாத்யாருக்கு?" என்றாள் ஒருத்தி. "ஒரு வாய்தானே குடிச்சாரு?"

மந்திரி அடுத்த மாதம் ஆம்பூருக்கு வருவதாக இருந்தது. தோல் வியாபாரிகள் வரவேற்புக் கொடுக்கிறார்கள். அங்கே ஒரு மனு கொடுப்போம், அந்த மனுவைக் கிணற்றுத் தண்ணீரிலேயே எழுதுவோம் என்றேன். இரண்டு குடம் தண்ணீரை ஒரு கைப்பிடி நிறைய ஆணி போட்டுக் காய்ச்சினார்கள். சுண்டிச் சுண்டி ஒரு ஆழாக்கு மிஞ்சியது. என் ஆயுளில் அவ்வளவு நல்ல மையில் எழுதியதில்லை. எழுதி முடித்ததும் பெண்கள் வரிசையாக வந்து அதே மையைத் தொட்டுக் கைநாட்டு வைத்தார்கள்.

பாக்கியம்மாள் மட்டும் கட்டைவிரலை மையில் தொட்டபடி நின்றார்.

"வாத்யாரே, ஒண்ணு கேக்கிறேன். இதுல எங்க ஷெட்டு பேரு வருதா?"

"வரும்மா. கழிவு அங்கேயிருந்துதானே வருது?"

"எனக்கு வேலை போச்சுன்னா, உங்க பத்திரிகையில பட்டை இடிக்கிற வேலை கீதா?"

அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். அப்புறம் அழுத்தமாக ஒரு கைநாட்டு. மற்றவர்களுடையதைவிட அது பெரிதாக விழுந்திருந்தது.

மனுக்கள் எல்லாம் வரவேற்புக் கமிட்டிக் காரியதரிசியின் கை வழியாகத்தான் மந்திரிக்குப் போகும். அதுதான் வழக்கம். காரியதரிசி யார்? கரீம் பாய். பாக்கியம்மாள் வேலை செய்யும் அதே ஷெட்டின் முதலாளி! வேறு வழியில்லாமல் அவரிடமே போனேன். காகிதத்தை வாங்கினார். படிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"பட்டை வாசனை வருதே... இன்னா வாத்யார், எதுல எழுதினே?"

சொன்னேன். அவர் நிதானமாகப் படித்து முடித்தார்.

"என் ஷெட்டுத் தண்ணிதான். இல்லேன்னு சொல்லமாட்டேன். கிணறு வெட்டறப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டானுங்களா? நான் சொல்லியிருப்பேனே, அங்க வேணாம்னு."

"கேட்காவிட்டால் என்ன பாய்? நீங்களாகப் போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? 'ஏழைக்குக் கிணறு வெட்டறதை முதலாளி தடுக்கறான்'னு மறுவாரமே நீதான் எழுதுவே!"

எழுதியிருப்பேன். சத்தியமாக எழுதியிருப்பேன். பேச்சை மாற்றினேன்.

"அந்தப் பொம்பளைங்க வேலைக்கு..."

"பட்டை இடிக்க ஆளு கம்மி, அவங்களை அனுப்பிட்டு நானா இடிக்கிறது? போ வாத்யார், பேஜார் பண்ணாதே." சொல்லிவிட்டு மனுவை மற்ற எல்லா மனுக்களுக்கும் மேலே வைத்தார்.

மந்திரி வந்தார். பந்தல், பாண்டு, ரோஜா மாலை, எலுமிச்சம்பழம். மெல்லிய ஆட்டுத்தோலில் அச்சடித்த வரவேற்புப் பத்திரம். அதைப் படித்து முடிக்கவே அரை மணி. மனுக்களைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். வழக்கமாக மந்திரிகள் தட்டைத் தொட்டுவிட்டு உதவியாளரிடம் தள்ளிவிடுவார்கள். இவர் மேலே இருந்ததை எடுத்துப் பிரித்தார். பிரித்ததோடு உரக்கவும் படித்தார்.

"கனம் மந்திரி அவர்கள் எங்களுக்கு வெட்டிக் கொடுத்த கிணற்றின் தண்ணீரையே மையாக்கி இந்த மனுவை எழுதியிருக்கிறோம்..." நிறுத்தினார். புன்னகை செய்தார். "பேஷ்! நல்ல உவமை. யார் எழுதினது?"

வாசகர்களே, நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று, கை கூப்பி, "தாங்க்ஸ் சார்" என்றேன்! ஒரு பாராட்டு காதில் விழுந்ததும் தெரு, தண்ணீர், குழந்தையின் வயிறு — எல்லாம் மறந்துபோயிற்று. எழுதுகிற ஜாதியே அப்படித்தானோ என்னவோ...

நல்ல வேளை, பந்தலின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"உவமையும் இல்ல ஒண்ணும் இல்லீங்க! நெசமாவே அந்தத் தண்ணிங்க!"

ஊரே திரும்பிப் பார்த்தது. பாக்கியம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தார். போர்டு மெம்பர் ஒருவர், "உக்காரும்மா!" என்று அதட்டினார். மந்திரி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிதத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

"அந்தக் கிணறு எவ்வளவு தூரம்?"

கரீம் பாய் பதறிவிட்டார். "பிரியாணி தம்முல கீது, ஹுஜூர்! அதுக்கப்புறம் ரயிலு..."

"சாப்பிட்டா கிணறு இல்லை. கிணறுன்னா சாப்பாடு இல்லை. அவ்வளவுதானே? வாங்க, நடக்கலாம்."

நடந்தார்! மாலையைக் கழற்றி உதவியாளர் கையில் கொடுத்துவிட்டு, தோல் காயப்போட்ட கொடிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து, கழிவுக் கால்வாயைத் தாண்டி அந்தத் தெருவுக்கு வந்துவிட்டார். மரவாளியில் தண்ணீர் இறைத்தார்கள். ஆணி போட்டார்கள். பிறகு... ஒன்றும் நடக்கவில்லை. அவசரப்பட்டால் ஆகாது என்று எனக்குத் தெரியும். மந்திரிக்குத் தெரியாதே! எனக்கு வியர்த்துக் கொட்டியது. உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓவர்சியர் ஆணியைப் பார்த்தார். மந்திரி பாக்கியம்மாளைப் பார்த்தார்.

"எங்க வெட்டியிருக்கணும்மா?"

"ஆத்தோரம் ஒரு புங்கமரம் கீதுங்க. ஷெட்டுக்கெல்லாம் மேல்பக்கம். அங்க வெட்டினா தேன் மாதிரி தண்ணிங்க."

"இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா?"

"கேட்டாத்தானேங்க சொல்றதுக்கு? கிணறு வெட்ட வந்தவங்க, 'ஓரமாப் போ, ஓரமாப் போ'ன்னுதான் சொன்னாங்க. போய்ட்டோம்."

அதற்குள் வாளியில் கறுப்பு இறங்க ஆரம்பித்திருந்தது. மந்திரி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முழுதும் கறுத்த பிறகுதான் நிமிர்ந்தார். ஓவர்சியர் முகத்தில் ரத்தம் இல்லை.

"இது தப்பான இடம்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுங்க. பயப்படாதீங்க, உங்க வேலைக்கு ஒண்ணும் வராது" என்றார் அவரிடம். பிறகு உதவியாளரிடம் திரும்பி, "பட்டியல்லேருந்து இந்தக் கிணத்தை எடுத்துடுங்க."

"சார்... பட்டியலைச் சட்டசபைக் கவுன்சில் முன்னாடி வெச்சாச்சே!"

"அப்ப கவுன்சில்லயே சொல்லிடறேன்."

மறுநாள் காலை தண்ணீர் வண்டி வந்தது. ஓவர்சியர் இரண்டாவது ரிப்போர்ட் எழுதினார். இன்னும் வேலையில்தான் இருக்கிறார். மந்திரி சொன்னபடியே கவுன்சிலில் எழுந்து, 'நான் கொடுத்த பட்டியலில் ஒரு கிணறு குறைவு, அது கிணறு அல்ல' என்று சொன்னார். எதிர்க்கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்களாம். பத்திரிகையில் போட்டிருந்தது.

சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரட்டை ஆட்சி என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள் நமக்கு. கஜானாச் சாவி துரைமார் இடுப்பில், திட்டு வாங்குகிற முதுகு நம் மந்திரிகளுக்கு. அந்தப் பாதி அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் பள்ளிக்கூடம் திறக்கிறார், கிணறு வெட்டுகிறார். அதற்கு ஒரு நன்றி. ஆனால் செய்ததைச் சொல்வதற்கு எல்லா மந்திரிகளுக்கும் வாய் இருக்கிறது. செய்தது தப்பு என்றால், அதை ஒரு பட்டை இடிக்கிற பெண் சொல்லிக் கேட்டு, நாலு பேர் சிரிக்கிற சபையில் ஒப்புக்கொள்கிறதற்கு எத்தனை பேருக்கு வாய் வரும்? அதற்குத்தான் என் பெரிய நன்றி.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கள்ளுக்கடை விஷயத்தில் மந்திரி இன்னும் மென்று விழுங்குகிறார். கழிவுக் கால்வாய் இன்றைக்கும் பாலாற்றைப் பார்த்துத்தான் ஓடுகிறது. 'அது என் இலாகா இல்லை' என்றார். எந்த இலாகா என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் ஒரு கார்டு போடுங்கள்.

புங்கமரத்துக் கிணறு போன வாரம் தயாராகிவிட்டது. இந்தத் தடவை இடத்தைக் காட்டியது தெருப் பெண்கள். ஓவர்சியர் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். மோட்டார், மாலை, மந்திரி ஒன்றும் கிடையாது. முதல் வாளியைப் பாக்கியம்மாள்தான் இறைத்தார். அவருடைய சின்னப் பெண் இரண்டு கையாலும் ஏந்தி மடக் மடக்கென்று குடித்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டாள். நானும் குடித்தேன். நாக்கு ஒரு ஆட்சேபணையும் சொல்லவில்லை. கிணற்றில் எட்டிப் பார்த்தேன். கைக்கு எட்டுகிற உயரத்தில் தண்ணீர் தளதளவென்று நின்றது.

பத்திரிகைக்காரன் புத்தி சும்மா இருக்குமா? பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

"இப்போ சொல்லுங்கம்மா. மந்திரி எப்படி? நல்லவர்தானே?"

பாக்கியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். வானத்தைப் பார்த்தார். நாலு நாளாக விடாமல் பெய்த மழை அன்றைக்குத்தான் வெறித்திருந்தது.

"நல்லவருதான். சாப்பாட்டை வுட்டுட்டு வந்தாரே, மறப்பேனா? ஆனா கார்த்திகை மாசத்துல எந்தக் கிணத்துலதான் தண்ணி இல்ல? சித்திரை வரட்டும் வாத்யாரே, சொல்றேன்."

என் நன்றியை இன்றைக்கே எழுதிவிட்டேன் — மந்திரிக்குப் பரீட்சை சித்திரையில்தான்!